பில்லில் புது டிஸ்க், காரில் பழைய டிஸ்க்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சேட்ஸ்வொர்த் பக்கம் பிரேக் வேலைக்குக் கார் விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கராஜ் பெயரை இப்போது போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

முன்சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு), புது பேட் (அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) என்று பில் போட்டு 3,000 ரேண்டுக்கு மேல் வாங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் பெடல் துடித்தது, ஸ்டியரிங் உதறியது. 2013இல் தறிகெட்டு வந்த லாரி ஒன்று 24 பேரைப் பலிவாங்கிய இறக்கம் அது. விளையாட்டு இல்லை.

கராஜ்காரரிடம் போனேன். "புது டிஸ்க் செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும் அங்கிள், ஓட்டுங்க" என்றார். சரி, கழற்றின பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டால், ஸ்கிராப்காரன் எடுத்துப் போய்விட்டானாம்!

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் வீட்டிலேயே ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினோம். டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) பிடித்திருக்கும் சின்னத் திருகைப் பார்த்ததுமே மச்சான் சிரித்துவிட்டான். அதன் நட்சத்திரக் குழி முழுக்கக் கறுப்புப் பெயின்ட். சுரண்டினால் அடியில் பழைய துரு. அந்தத் திருகைக் கழற்றாமல் டிஸ்க்கை மாற்றவே முடியாது. அதைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. டிஸ்க்கின் உள் இடுக்குகளிலும் துருதான், டர்பன் கடற்காற்று சும்மா விடுமா? காரிலிருந்து கழற்றாமலே டிஸ்க்கைக் கடையும், அதாவது மேலாகச் சீவி எடுக்கும், மெஷின் உண்டு. அதை வைத்து பேட் உரசும் முகத்தை மட்டும் வழித்து, நடுவில் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள்.

கனம் மிச்சமிருந்தால் கடைவதில் தப்பில்லை. இதில் பொறித்திருந்த குறைந்தபட்சக் கனம் 19 மி.மீ.; வெர்னியர் அளவுகோல் காட்டியது 18.4. இவ்வளவு மெலிந்த டிஸ்க் இறக்கத்தில் சீக்கிரம் சூடேறும்.

கடையில் 22 மி.மீ. டிஸ்க் ஜோடியும் பேடும் வாங்கி நாங்களே மாட்டினோம். ஹப்பின் முகத்தில் இருந்த துருவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கத்தான் நேரம் பிடித்தது. அங்கே துளி துரு இருந்தாலும் புது டிஸ்க்கும் ஆடும். டிஸ்க்கில் பூசி வரும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தோம். பேடை அழுத்தும் காலிப்பரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினோம். காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தோம்.

இங்கே 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 67ஆம் பிரிவு: கழற்றிய பாகங்களைத் தனியே வைத்து நம்மிடம் திருப்பித் தர வேண்டும், நாமே வேண்டாம் என்றால் ஒழிய. ஸ்கிராப்காரன் கதை அங்கே செல்லாது. அந்தச் சட்டப் பிரிவையும் நாங்கள் எடுத்த படங்களையும் சேர்த்துக் கராஜுக்குக் கடிதம் கொடுத்தேன். பதில் வராவிட்டால் அடுத்து வாகனத் துறைப் புகார்களை விசாரிக்கும் மோட்டார் ஆம்புட்ஸ்மன்.

கார் விடும்போதே "பழைய டிஸ்க்கை கார் டிக்கியில் போட்டு வையுங்கள்" என்று ஜாப் கார்டில் (கராஜின் வேலைச் சீட்டு) எழுத வையுங்கள். பணம் கட்டும் முன் ஒரு சக்கரத்தையாவது கழற்றச் சொல்லி அந்தத் திருகைப் பாருங்கள்.