சிங்கப்பூரில் மூன்று வாரம்: மூச்சுவாங்கும் கிழ நாய்க்கு என்னென்ன கிடைக்கிறது

பெற்றோரிடம் விட்டுப் போன நாய்க்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகியிருக்கும். மெல்பர்னிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுப்பில் வருபவருக்கு முதல் நாளே காதில் விழும்: "கொஞ்ச நாளா ராத்திரியில இருமுதுப்பா, வெயில் ஒத்துக்கல." வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அதிகம் வளரும் ஷீ ட்சூ, மால்டீஸ், பொமரேனியன் போன்ற சின்ன இனங்களுக்கு வயதான காலத்தில் மூச்சைப் பிடிப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்து ரத்தம் பின்னோக்கிக் கசிவது. மற்றது, மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாவது. இரண்டும் ஒரே நாய்க்கு இருப்பதும் சகஜம்.

கிளினிக்குக்கு ஓடுமுன் முதல் இரவே மூச்சை எண்ணிவிடுங்கள். நாய் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கவும். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரை அழைக்கவும். 40-ஐத் தாண்டினாலோ, வயிறு உள்வாங்கி, முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி மூச்சுவிட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நாக்கு நீலம்பாரித்தாலும் அப்படியே. கால் துடிக்கக் கனவு காணும்போதும், நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போதும் எண்ணினால் கணக்கு பொய். தேக்கா (லிட்டில் இந்தியா) மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டியின் கட்டத்தில் தினமும் ஓர் எண் எழுதினால் போதும். நீங்கள் விமானம் ஏறிய பிறகு அப்பாவும் பணிப்பெண்ணும் அதைத்தான் பார்க்கப்போகிறார்கள்.

இருமலைக் கைபேசியில் படமெடுத்து வைக்கவும். மருத்துவர் முன்னால் எந்த நாயும் இருமாது. உற்சாகத்திலோ கழுத்துப்பட்டை இழுக்கும்போதோ வாத்து கத்துவதுபோல் இருமினால் சந்தேகம் மூச்சுக்குழாயின் மேல். அப்போது கழுத்துப்பட்டையை எறிந்துவிட்டு மார்புப்பட்டை போடுங்கள். எடையையும் குறைக்க வேண்டும்.

அக்கம்பக்கத்து கிளினிக்குகளில் எக்ஸ்ரேவும் ரத்தப் பரிசோதனையும் நடக்கும். இதய எக்கோவுக்கு (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) பெரும்பாலும் சிறப்பு மருத்துவரிடம் பரிந்துரை வாங்கிப் போக வேண்டும். அத்தகையோர் இங்கே சிலர்தான். விமானச் சீட்டு எடுத்த கையோடு தேதி கேட்டுவிடுவது நல்லது. எக்கோ வீண் செலவு அல்ல: இதயம் பெரிதாகி, ஆனால் மூச்சுத்திணறல் இன்னும் தொடங்காத கட்டத்தில் இதயத் துடிப்புக்கு வலுவூட்டும் பிமோபென்டன் மாத்திரை கொடுத்தால், இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-ல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. கட்டணம் கேட்கும்போது 9 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா என்றும் கேளுங்கள்.

திணறும் நாயை நேரே எக்ஸ்ரே மேசையில் மல்லாத்தும் இடத்தை விட்டுத் தள்ளி நிற்கலாம். அந்தப் பதற்றத்திலேயே உயிர் போகக்கூடும். முதலில் ஆக்சிஜன், பயம் தணிய லேசான மருந்து, நுரையீரலில் நீர் என்று சந்தேகித்தால் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசமைட் ஊசி, அப்புறம்தான் படம். இதுதான் சரியான வரிசை.

எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிக்கு இடமில்லை. டாக்சி ஓட்டுநரின் விருப்பம். கிராப் செயலியில் பிராணிகளுக்கென்று தனிச் சேவை உண்டு, ஆனால் பின்னிரவு இரண்டு மணிக்கு அதையே நம்ப முடியாது. செல்லப்பிராணி வண்டி ஓட்டுநர் இருவரின் எண்ணைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். கிளம்பும்போதே 24 மணி நேர மருத்துவமனைக்கு அழைத்துச் சொன்னால் வாசலில் ஆக்சிஜனோடு நிற்பார்கள். வண்டியில் ஏசி முன்பே ஓடட்டும். நாயைப் பக்கவாட்டில் கிடத்தாமல் நெஞ்சு தரையில் படிய உட்காரவிடவும்.

வீட்டுக்கு ஆக்சிஜன் செறிவூட்டியை வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவி சின்ன நாய்க்குப் போதும். குழாயை மூக்கிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கலாம், இல்லையென்றால் ஒளிபுகும் பெட்டிக்குள் விடலாம். சொதப்புவது பெட்டியில்தான்: முழுக்க மூடினால் கரியமில வாயு தேங்கும், நாயின் உடல் சூடே உள்ளே அடைந்துபோகும். மேலே துளைகள் இருக்கட்டும், உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, ஏசி அறையிலேயே வையுங்கள். கருவிக்கும் சுவருக்கும் ஒரு முழம் இடைவெளி வேண்டும். சுவாமி விளக்கை அந்த அறையில் ஏற்றவே கூடாது. சிலிண்டர் வாங்கினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 400 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 80 நிமிடத்தில் காலி. கருவியின் இரைச்சலுக்கு நாயை நல்ல நாளிலேயே பழக்க வேண்டும்.

ஈரப்பதம் இங்கே பெரிய எதிரி. இரைக்கும்போது நாக்கிலும் மூச்சுவழியிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் எவ்வளவு இரைத்தாலும் பலன் குறைவு, தொண்டைதான் வீங்கும். நடை காலை ஏழுக்கு முன், இல்லையேல் இரவு எட்டுக்குப் பின். புகைமூட்டம் வரும் மாதங்களிலும், சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் கீழே வழிபாட்டுக் காகிதம் எரிக்கும் மாலைகளிலும் ஜன்னலைச் சாத்துங்கள். சாம்பிராணியும் கொசுவத்தியும் நம் வீட்டு எரிப்புதானே, அவற்றையும் நிறுத்தலாம்.

மருந்து நேரம் எளிது. பிமோபென்டன் உணவுக்கு ஒரு மணி நேரம் முன், 12 மணிக்கொரு முறை. ஃப்யூரோசமைட் கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் முட்டும், ஆகவே இரவுவேளை மருந்தைப் படுக்கப்போகும்போது கொடுக்காமல் எப்போது கொடுப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். கழிப்பறையில் ஒரு தட்டு வைத்தால் மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டாம். குடிக்கும் தண்ணீரை ஒருபோதும் அளந்து குறைக்காதீர்கள். மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீரகம், பொட்டாசியம் பார்க்கும் ரத்தப் பரிசோதனையை நீங்கள் இருக்கும்போதே முடிக்கவும்.

உப்பு விஷயத்தில் அம்மாவிடம்தான் போராட்டம். அப்பளம், கருவாடு, நெத்திலி, முறுக்குத் துண்டு எல்லாம் உடலில் நீர் தேங்க வைப்பவை. மாத்திரையைப் பாலாடைக்கட்டியில் பொதிவதும் அதே தப்புதான். உப்பில்லாமல் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பொதியலாம். பெனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள் என்றும் அழுத்திச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக, மருத்துவமனையில் சேர்க்கும்போது முன்பணம் கேட்பார்கள். அப்பாவின் பேநவ் (கைபேசிவழிப் பணப் பரிமாற்றம்) நாள் வரம்பு 500 வெள்ளியாக இருந்தால் நள்ளிரவில் அங்கேயே சிக்கிக்கொள்வார். கிளம்புமுன் வங்கிச் செயலியில் அதை உயர்த்துங்கள். இதயம் நின்றால் மீட்க முயல்வதா, வலியில்லாமல் போகவிடுவதா என்பதையும் பேசி, யார் கையெழுத்திடுவது என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.