கட்டா, துருசா? ஆறாம் இலக்க ஜேர்சி யாருக்கு?

எங்கள் கழகம் கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம். ஆவணியில் வருகிற ஒன்பது பேர் கொண்ட உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டும். முன்வரிசைக்கு ஆள் தேடத் தேவையில்லை, கோல் அடிக்க ஆசைப்படாத பொடியன் ஊரில் இல்லை. பின்வரிசையில் நிற்கும் மூவரும் போன வருடம் ஆடியவர்கள்தான். இழுபறி எல்லாம் ஒரே ஒரு இடத்துக்கு: பின்வரிசைக்கு முன்னால், நடுக்களத்தின் அடியில் நிற்கிற ஆள் யார்? ஆறாம் இலக்க ஜேர்சி யாருக்கு?

போன கூட்டத்தில் மூன்று கருத்துகள் வந்தன. ஒன்று, மேசன் வேலைக்குப் போகிற தம்பியைப் போடுவது. பந்தைப் பறிப்பதில் அவனுக்கு நிகராக எங்கள் அணியில் யாரும் இல்லை. இரண்டு, உயர்தரம் படிக்கிற தம்பி. அவன் பெரிதாகப் பறிக்க மாட்டான், ஆனால் அவன் காலுக்கு வந்த பந்து வீணாய்ப் போகாது. மூன்றாவது கருத்து, இருவருமே வேண்டாம், அந்த இடத்துக்கு இன்னொரு முன்வரிசைக்காரனை இறக்குவோம் என்பது. "கோல் அடிச்சாத்தானே அண்ணை கப்" என்று ஒருவர் சொன்னபோது பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு மனம் ஆறவில்லை. இருபது வருடமாக இந்த மைதானங்களில் ஆடியும் ஆட வைத்தும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அணி கட்டும்போது முதலில் எழுத வேண்டிய பெயர் அந்த ஆளின் பெயர்தான். நாங்கள் அதைக் கடைசியில் எழுதுகிறோம். பள்ளிக்கூடத்திலும் இதேதான் நடந்தது. வேகமாக ஓடுகிறவன் முன்னுக்கு, உயரமானவன் பின்னுக்கு, எங்கும் பொருந்தாதவன் நடுவில். நானும் அப்படி மிஞ்சிப்போய்த்தான் நடுவில் நிறுத்தப்பட்டேன். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது கருத்தையே முதலில் பார்ப்போம். இதை உலகத்தின் பெரிய கழகங்களே செய்து பார்த்திருக்கின்றன.

2003இல் ரியல் மட்ரிட் ஸ்பெயின் லீக் சம்பியன். அணியில் முன்னேறி ஆடுகிற பிகோ, சிடான், பிரேசிலின் ரொனால்டோ. அவர்களுக்குப் பின்னால், நடுக்களத்தின் அடியில், கிளோட் மகலெலே. அந்தக் கோடையில் பெக்காமை வாங்கினார்கள், மகலெலேயைச் செல்சிக்கு விற்றார்கள். பெயர்களைப் பார்த்தால் அணி இன்னும் பலமாகிவிட்டது போலத்தான் இருக்கும். அடுத்த பருவத்தின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்துக்குப் போனார்கள். மறுபடி லீக் பட்டம் கிடைத்தது 2007இல்தான். அந்தப் பக்கம் செல்சி 2004-05 பருவத்தில் 38 ஆட்டங்களில் வெறும் 15 கோல்களை மட்டும் வாங்கிப் பட்டம் வென்றது. மொரீஞ்ஞோவின் பயிற்சி, கோல்காப்பாளர் செக்கின் கைகள், டெரியும் கர்வால்யோவும் நின்ற பின்வரிசை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. என்றாலும் அந்தப் பின்வரிசைக்கு நேரே பந்தோடு ஓடி வர எதிரணியால் முடியாமல் போனதற்கு முன்னால் நின்றவர் மகலெலே.

அதற்குப் பிறகும் ஒருவர் இதே பிழையை விட்டார், அதுவும் உலகத்திலேயே நடுக்களத்தை நன்றாக விளங்கிய பயிற்றுநர்களில் ஒருவர். செல்சிக்கு எதிரான 2021 ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மன்செஸ்டர் சிற்றியின் கார்டியோலா, நடுக்களத்தின் அடியில் நிற்கிற ரொட்ரி, பெர்னாண்டினோ இருவரையும் வாங்கிலில் இருத்திவிட்டு முன்னேறி ஆடுகிறவர்களால் அணியை நிரப்பினார். முதற்பாதி முடியும் நேரம் செல்சியின் மவுண்ட் தந்த ஒரே பாஸ் நடுவைப் பிளந்துகொண்டு போனது. ஹவேர்ட்ஸ் கோல் அடித்தார். 1-0. அந்த ஆட்டத்தின் நாயகன் விருது எதிர்ப்பக்கத்தில் அதே வேலையைச் செய்த கான்டேக்கு.

பிரேசிலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்றும் மஞ்சள் ஜேர்சிக்காரர்கள். 1982 உலகக் கிண்ணத்தில் ஆடிய பிரேசிலைப் போல அழகான அணி இல்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இத்தாலியுடனான ஆட்டத்தில் அவர்களுக்குச் சமநிலையே போதுமாக இருந்தது. நடுவில் காவலுக்கென்று நிற்கிற ஆள் இல்லாமல், எல்லோரும் முன்னேற, 3-2 எனத் தோற்றார்கள். 1994இல் டுங்காவும் மௌரோ சில்வாவும் நடுவில் நின்ற பிரேசில் ஏழு ஆட்டங்களில் மூன்றே கோல்கள் வாங்கி, 24 வருடத்துக்குப் பிறகு கிண்ணத்தைத் தூக்கியது. டுங்காவின் ஆட்டம் அழகில்லை என்று அன்றே குறை சொன்னார்கள். தூக்கிய கை அவருடையதுதான்.

ஆகவே மூன்றாவது கருத்தை விட்டுவிடுவோம். உண்மையான போட்டி அந்த இரண்டு தம்பிகளுக்கும் இடையில்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். குளத்துக்குக் கட்டும் வேண்டும், துருசும் வேண்டும். கட்டு தண்ணீரை மறிக்கிறது. துருசு எந்த வாய்க்காலுக்கு, எப்போது, எவ்வளவு என்று விடுகிறது. நடுக்களத்தின் அடியில் நிற்கிறவர்களும் இந்த இரண்டு வகைதான். மேசன் தம்பி கட்டு. உயர்தரத் தம்பி துருசு.

கட்டு வகைக்குக் கான்டேயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2015-16இல் லெஸ்டர் சிற்றி இங்கிலாந்துப் பட்டத்தை வென்றபோது நடுவில் நின்றவர். அந்த வருடம் செல்சிக்குப் பத்தாம் இடம். அடுத்த வருடம் அவர் செல்சிக்குப் போனார். செல்சி முதலாம் இடம், லெஸ்டர் பன்னிரண்டாம் இடம். இரண்டு அணிகளிலும் வேறு மாற்றங்களும் நடந்தன, எல்லாவற்றையும் ஒரே ஆளின் தலையில் வைக்க முடியாது. ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். உருவத்தில் சிறியவர் என்பதால் சிறுவயதில் பெரிய கழகங்கள் எடுக்காமல் விட்டவர் இவர். 22 வயதில் பிரான்சின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். பிந்தித் தொடங்கிய எங்கள் பொடியன்களுக்கு இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வேன்.

கட்டு வகையின் பலம் பறிப்பது மட்டும் இல்லை. எதிரணி பந்தைக் கொண்டு வரும்போது நடுவழியை அடைத்துப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவான். எங்கள் பின்வரிசையில் ஓரத்தில் நிற்கிறவன் ஏறிப்போனால் அந்த வெற்றிடத்தில் போய் நிற்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாம் பந்து: உயரமாக வந்த பந்தில் இருவர் தலைமுட்ட, அது சிதறி விழுகிற இடத்தில் முதல் ஆளாக நிற்பது. எங்கள் ஊர் ஆட்டங்களில் பாதிக் கோல்கள் இந்த இரண்டாம் பந்தில்தான் பிறக்கின்றன. கோல் அடித்தவனை எல்லோரும் தூக்குவார்கள், பந்து விழுமிடத்துக்கு முன்கூட்டியே போனவன் கண்ணில் படுவதில்லை. போன தைப்பொங்கல் ஆட்டம் முடிந்து வரும்போது மேசன் தம்பியைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டார், "அவன் எங்கை நிண்டவன்? நான் காணேல்லையே" என்று. அன்று எங்கள் கோல்காப்பாளருக்கு வந்த பந்து மொத்தம் இரண்டு.

பலவீனமும் இருக்கிறது. பறித்த பந்தை உடனே எதிரியிடமே கொடுத்தால் பறித்ததால் பயன் இல்லை. அப்புறம் அட்டை. முதற்பாதியில் ஒரு மஞ்சள் வாங்கிவிட்டால் மீதி ஆட்டம் முழுக்கக் கால் வைக்கப் பயந்து ஆட வேண்டும். ஒன்பது பேர் ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சளோடு ஒருவன் வெளியே போனால் அந்த இடைவெளியை மூட வழியே இல்லை.

துருசு வகைக்கு வருவோம். புஸ்கெட்ஸ் வேகமாக ஓடியதை யாரும் பெரிதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பார்சலோனாவோடு மூன்று சம்பியன்ஸ் லீக், ஸ்பெயினோடு 2010 உலகக் கிண்ணம். பந்து வருமுன்பே தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, உடம்பைப் பாதி திருப்பி வைத்து, ஒரே தொடுகையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். ரொட்ரி அதற்கு மேலே ஒரு படி. 2023 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது. 2024இல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதும் வந்தது. அந்த விருது வருவதற்கு முந்தின மாதம்தான் முழங்காலில் காயப்பட்டு வெளியே போனார். தொடர்ந்து நான்கு வருடம் இங்கிலாந்துப் பட்டம் வென்ற மன்செஸ்டர் சிற்றி அந்தக் காலத்தில் வரிசையாக ஐந்து ஆட்டங்களில் தோற்றது, பருவ முடிவில் மூன்றாம் இடம். இப்படி ஒருவருக்கு விருது கிடைத்ததில் எனக்குச் சொந்தத் தம்பிக்குக் கிடைத்தது போலச் சந்தோசம்.

துருசின் ஆபத்து வேறு மாதிரி. சொந்தக் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கும்போது பின்னால் ஒருவன் வந்து பறித்துவிட்டால், அவனுக்கும் கோலுக்கும் நடுவே எங்கள் பின்வரிசை மட்டும்தான். பிர்லோவின் காலில் பந்து பாட்டுப் பாடும், ஆனால் மிலான் கழகத்திலும் 2006இல் உலகக் கிண்ணம் வென்ற இத்தாலி அணியிலும் அவருக்குப் பக்கத்தில் கட்டூசோ நின்றார். பறிக்கிற வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டதால்தான் பிர்லோ தலை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்தது.

அப்படியென்றால் இருவரையும் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பதினொரு பேர் ஆட்டமாக இருந்தால் நான் இரண்டாவது பேச்சுக்கே இடம் வைத்திருக்க மாட்டேன். பின்னால் நான்கு, முன்னால் இந்த இருவர், மேலே நான்கு. ஒன்பது பேர் ஆட்டத்தில் கோல்காப்பாளரைத் தவிர்த்தால் எட்டுப் பேர். பின்வரிசை மூவரோடு இவர்கள் இருவரும் சேர்ந்தால் ஐந்து. மிச்சம் மூன்று பேர் முழு முன்பக்கத்தையும் ஓடி நிரப்ப வேண்டும். வெயிலில் இரண்டாம் பாதியில் அந்த மூவரும் விழுந்துவிடுவார்கள். ஆகவே ஒருவர்தான்.

இங்கேதான் மைதானத்தைப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் காண்கிற புல்தரையை வைத்து ஆவணியில் கிளிநொச்சியில் அணி தெரிவு செய்ய முடியாது. மாரி முடிந்து தை, மாசியில் எங்கள் மைதானத்தில் பச்சை இருக்கும், பந்து தரையோடு உருளும். அந்த நேரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உயர்தரத் தம்பியை எழுதுவேன். ஆவணியில் தரை காய்ந்து இறுகிக் கிடக்கும். ஒரு பக்கம் புழுதி, ஒரு பக்கம் புல்லுக் கட்டை. எவ்வளவு நல்ல முதல் தொடுகையும் முழங்காலுக்கு எகிறும். துருசு வகைக்கு முதல் தொடுகைதான் சொத்து. அதையே தரை பறித்துக்கொள்கிறது.

அத்தோடு சோளகக் காற்று. காற்றை எதிர்த்து ஆடுகிற பாதியில் எங்கள் கோல்காப்பாளர் உதைக்கிற பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் தொங்கி விழும். அந்த இடத்தில் தலை வைக்கவும் சிதறியதைப் பொறுக்கவும் தெரிந்தவன் வேண்டும். காற்றோடு ஆடுகிற பாதியில் நிலைமை தலைகீழ். ஓங்கி உதைத்தால் பந்து கோட்டுக்கு வெளியே போய்விடும், தரையோடு குட்டையாகக் கொடுத்து ஆடுகிறவன் தேவைப்படும். நாணயச்சுழற்சியில் வென்றால் முதற்பாதியை எதிர்க்காற்றில் ஆடக் கேட்கும்படி அணித்தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். மேசன் தம்பி தொடங்கட்டும். காற்று எங்கள் முதுகுக்கு வந்த பிறகு, நாங்கள் முன்னணியில் இருந்தால், உயர்தரத் தம்பி இறங்கிப் பந்தைப் பிடித்து வைத்திருக்கட்டும். பின்தங்கியிருந்தால் இருவரையும் சேர்த்து நிறுத்தி, பின்வரிசையில் ஒருவரைக் குறைப்பேன். அது துணிச்சலான வேலை, ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் அதற்கு நான் தயார்.

உயர்தரத் தம்பி மனம் சோர்ந்துவிடக் கூடாது என்று அவனிடம் நேரே போய்ச் சொன்னேன். தை வரட்டும், ஜேர்சி உனக்கு என்றேன். அவன் சிரித்துவிட்டு, "பரவாயில்லை அண்ணை, அவனுக்குப் பாஸ் சொல்லிக் குடுக்கிறன்" என்றான்.

இப்போது பின்னேரங்களில் அதைத்தான் செய்கிறோம். மேசன் தம்பி வேலையால் வந்து சேர ஐந்தரை ஆகிவிடும், இருட்டுவதற்கு முக்கால் மணித்தியாலம் இருக்கும். அவனை நடுவில் நிறுத்தி, முன்னாலிருந்து ஒருவர் பந்தை உருட்டுவார். பந்து வந்துகொண்டிருக்கும்போதே பின்னால் நிற்கும் உயர்தரத் தம்பி விரல்களைத் தூக்கிக் காட்டுவான். இவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே பந்தை ஒரே தொடுகையில் கொடுக்க வேண்டும். முதல் நாள் பத்துக்கு இரண்டு. நேற்று பத்துக்கு ஆறு. போட்டிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.