திராட்சை இல்லாத ஒயின்: எல்டர்பெர்ரி, ருபார்ப், பார்ஸ்னிப் மூன்றில் எதைத் தேர்வது?

வேலியோரத்துப் பழங்கள், தோட்டத்துக் கிழங்குகள், பூக்கள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே ஒயின் செய்யும் வழக்கம் பிரிட்டனில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரையொட்டி வந்த சர்க்கரைப் பங்கீடு 1953ஆம் ஆண்டு முடிவுக்கு வந்த பிறகு அவ்வழக்கம் புத்துயிர் பெற்றது. சொந்த உபயோகத்துக்குச் செய்வதற்கு அங்கே உரிமமோ வரியோ தேவையில்லை. விற்பதற்கும் காய்ச்சி வடிப்பதற்கும்தான் உரிமம் வேண்டும். தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பதே குற்றமாகும். ஆகவே இந்த அலசல் பிரிட்டனிலும், அதுபோல் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளிலும் வாழும் வாசகர்களுக்கானது.

திராட்சையில் சர்க்கரை, புளிப்பு, துவர்ப்பு, ஈஸ்ட் வளரத் தேவையான சத்து ஆகிய நான்கும் ஏறத்தாழ வேண்டிய அளவிலேயே அமைந்திருக்கின்றன. வேறு எந்தப் பழத்தையோ கிழங்கையோ எடுத்தாலும் இவற்றுள் ஏதேனும் ஒன்று குறையும் அல்லது மிகும். எனவே எது ருசியானது என்று கேட்பதைவிட, எதில் எது குறைகிறது, அதை ஈடுகட்ட எவ்வளவு உழைப்பும் காத்திருப்பும் ஆகும் என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் கருத்து. சர்க்கரைக் குறையைச் சரிசெய்வது எளிது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹாலைத் தரும் என்பதால், ஒரு கேலன், அதாவது 4.5 லிட்டர் ஒயின் 12 சதவீதத்தை எட்ட, பழத்தில் உள்ளதையும் சேர்த்து ஏறக்குறைய 920 கிராம் சர்க்கரை போதும். சாற்றின் அடர்த்தியைக் கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று கையில் இருந்தால் இதில் தவறு நேர வழியில்லை. புளிப்பும் துவர்ப்பும்தான் ஒரு பொருளை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

அந்த வகையில் முதலிடம் எல்டர்பெர்ரிக்கே உரியது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை சாலையோர வேலிகளில் கறுத்துக் கொத்துக்கொத்தாகத் தொங்கும் இந்தப் பழத்தில், சிவப்பு ஒயினுக்குரிய நிறமும் துவர்ப்பும் இயற்கையாகவே நிறைந்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், அங்கு விளையும் போர்ட் என்னும் திராட்சை ஒயினுக்குச் செயற்கையாக நிறமேற்ற இப்பழச்சாற்றைக் கலந்தார்கள். அதைத் தடுப்பதற்காக அங்கிருந்த எல்டர் செடிகளையே பிடுங்கியெறிய அரசு உத்தரவிட்டது. ஒயின் வணிகத்தையே ஏமாற்ற வல்ல பழம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒரு கேலனுக்கு 1.3 கிலோ பழம் தாராளம். அதற்கு மேல் போட்டால் துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடிக்கும்; அது அடங்குவதற்கு ஆண்டுகள் ஆகும்.

ஆனால் எல்டர்பெர்ரி சோம்பேறிகளுக்கு ஏற்றதல்ல. இலை, காம்பு, பச்சைக்காய் ஆகியவற்றில் சயனைடை வெளியிடும் வேதிப்பொருள் இருப்பதால், பழுத்த பழங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சூடாக்கிப் பயன்படுத்த வேண்டும். பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரக்கூடும். கொத்தைக் கிண்ணத்தின் மேல் பிடித்து, முள்கரண்டியின் பற்களைக் காம்புகளுக்கிடையே நுழைத்து மேலிருந்து கீழாக இழுத்தால், கனிந்தவை பொலபொலவென உதிரும். காய்கள் பெரும்பாலும் காம்பிலேயே தங்கிவிடும். பிறகு தண்ணீரில் கொட்டினால் நல்ல பழங்கள் அடியில் தங்க, சருகும் சொத்தையும் மேலே மிதக்கும். நொதிக்கும் பாத்திரத்தின் உட்புறத்தில் பச்சை நிறப் பிசின் ஒன்று படியும். அது சோப்புக்கு மசியாது, சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால்தான் போகும். இதில் குறைவது புளிப்பு ஒன்றுதான். அதை எலுமிச்சைச் சாற்றாலோ சிட்ரிக் அமிலத்தாலோ ஈடுகட்டலாம்.

தண்டை மட்டும் உண்ணும் செடியான ருபார்ப் இதற்கு நேர் எதிரான குணமுடையது. துவர்ப்பும் நிறமும் சொற்பம், புளிப்போ தாராளம். இங்கிலாந்தின் வடக்கே வேக்ஃபீல்டு, மார்லி, ராத்வெல் ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில், இருட்டடித்த கொட்டகைகளில் வளர்த்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அறுவடை செய்யும் ருபார்ப் 2010ஆம் ஆண்டு புவிசார் பாதுகாப்புப் பெற்றது. அந்த இளஞ்சிவப்புத் தண்டுகள் விலை அதிகம் என்பதால், ஒயினுக்கு வசந்தகாலத்தில் தோட்டத்தில் விளையும் சாதாரணத் தண்டே போதுமானது. இலைகளில் ஆக்சாலிக் அமிலம் மிகுதியாக இருப்பதால் அவற்றை முழுவதுமாக வெட்டியெறிந்துவிட வேண்டும்.

இதன் செய்முறை மற்ற இரண்டையும்விட எளிது. நறுக்கிய தண்டுகள் 1.3 கிலோவை உறையவைத்து எடுத்து, வேண்டிய சர்க்கரை முழுவதையும் மேலே கொட்டி மூடிவைத்தால், இரண்டு மூன்று நாளில் சர்க்கரையே சாற்றையெல்லாம் வெளியே இழுத்துவிடும். வேகவைக்கும் தேவையே இல்லை. வேகவைத்தால் பெக்டின் என்னும் பசைப்பொருள் கரைந்து ஒயின் கலங்கலாக நிற்கும். வடித்த சாற்றில் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. புளிப்பு மிஞ்சிவிட்டால் உணவுத்தரக் கால்சியம் கார்பனேட்டைச் சிறிது கலந்து குறைக்கலாம். ஓராண்டுக்குள் குடிக்கத் தகுந்ததாகிவிடும். முதன்முதலில் செய்பவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். எனினும் தனித்த சுவை என்று சொல்ல இதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

பார்ஸ்னிப் என்பது வெள்ளைக் கேரட் போலத் தோன்றும் கிழங்கு. கடும்பனி விழுந்த பிறகு அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி இனிப்பாக மாறுவதால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தோண்டியதே ஒயினுக்கு உகந்தது. காட்டில் தானாக வளர்ந்ததைப் பிடுங்கவே கூடாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெம்லாக் வகைகள் உயிரைப் பறிக்கும் நஞ்சு என்பதால் கடையிலோ நம்பிக்கையான தோட்டத்திலோ வாங்குவதே முறை. ஒரு கேலனுக்கு ஏறக்குறைய 1.8 கிலோ கிழங்கைத் துண்டுகளாக்கி, கத்தி இறங்கும் அளவுக்கு மட்டும் வேகவைத்து வடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். துணியில் கட்டிய கிழங்கைப் பிழிந்தால் மாவுச்சத்து சாற்றில் இறங்கி, மாதக்கணக்கில் தெளியாத கலங்கலாகிவிடும். ஆகவே அது தானாகச் சொட்டட்டும் என்று விட்டுவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு தேக்கரண்டிச் சாற்றில் ஒரு சொட்டு அயோடினை விட்டுப் பார்க்கலாம். நீலமாகக் கறுத்தால் மாவுச்சத்து இருக்கிறது, அதைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி சேர்க்க வேண்டும் என்று பொருள். சோதித்த சாற்றைக் கொட்டிவிடுங்கள்.

கிழங்கில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் சிட்ரிக் அமிலம் சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. புளிப்பில்லாத சாற்றில் தீய கிருமிகள் எளிதில் பெருகும் என்பதாலும் அது கட்டாயம். இத்தனைக்கும் பிறகு ஓராண்டுக்கு மேல் பொறுத்திருந்தால், பொன்னிறத்தில், ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயினை நினைவூட்டும் ஒயின் கிடைக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இதில் கிடைப்பது மண்வாசனைதான்.

டாண்டலியன் என்னும் மஞ்சள் பூ, எல்டர் பூ ஆகியவற்றை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவை தருவது மணம் மட்டுமே. மற்ற எல்லாவற்றையும் உலர்திராட்சையும் எலுமிச்சையும் சர்க்கரையும்தான் தருகின்றன.

வீட்டு ஒயின் என்றதும் மெத்தனால் விஷம் என்று அஞ்சுவோர் நம்மவரிடையே அதிகம். கள்ளச்சாராயச் சாவுகளைக் கண்ட சமூகத்துக்கு அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கலக்கப்படும் மெத்தனால். பழத்தின் பெக்டினிலிருந்து நொதித்தலின்போது உண்டாவது மிகச் சிறிய அளவே. காய்ச்சி வடிக்காதவரை அது ஆபத்தான அளவை எட்டுவதில்லை. வீட்டு ஒயினைக் கெடுப்பது பெரும்பாலும் சுத்தக்குறைவும் காற்றும்தான். பாத்திரங்களைக் கிருமிநீக்கம் செய்வதும், உள்ளிருக்கும் வாயுவை வெளியேவிட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக்கை ஜாடியின் வாயில் பொருத்துவதும், மண்டியிலிருந்து தெளிவை உரிய காலத்தில் பிரிப்பதும் மூன்று ஒயின்களுக்கும் பொது.

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எல்டர்பெர்ரியைச் செய்யுங்கள். இரண்டு செய்ய இடமிருந்தால் அதனுடன் ருபார்பையும் செய்யுங்கள். ஒன்றில் குறைவது மற்றொன்றில் மிகுதியாக இருக்கிறது. வசந்தத்தில் செய்த ருபார்ப் ஒயினையும் இலையுதிர்காலத்து எல்டர்பெர்ரி ஒயினையும் அடுத்த கோடையில் சிறு கோப்பைகளில் 1:3, 1:2, 1:1 என்ற விகிதங்களில் கலந்து ருசி பார்த்துவிட்டு, பிடித்த விகிதத்தில் மட்டுமே ஜாடிகளைக் கலக்க வேண்டும். கலந்த பிறகு மறுபடி நொதிக்கவோ கலங்கவோ கூடும் என்பதால், சில வாரங்கள் ஏர்லாக்கிலேயே விட்டுவைத்து, அசைவு முற்றிலும் நின்றதை உறுதிசெய்துகொண்டுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும்.