புது கபோர்டு கெமிக்கல் வாடை: வருஷக்கணக்கா பார்த்ததுல எது வேலை செஞ்சுது, எது செய்யல

ரினோவேஷன் முடிஞ்சு சில வருஷம் ஆச்சு, அந்த வாடைக்குன்னு வாங்கினது செஞ்சது எல்லாத்தையும் இப்போ நிதானமா சொல்லலாம்னு தோணுது.

பெயின்ட் வாடை சில வாரத்துலயே போயிடுச்சு. விடாம படுத்தினது வார்ட்ரோபும் கிச்சன் கபோர்டும்தான். இதெல்லாம் செய்யுற எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு பலகைல மரத்தூளைப் பிடிச்சு வைக்கிற யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கே, அது ஈரமும் சூடும் பட்டா கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு வருஷக்கணக்குல ஃபார்மால்டிஹைடு வாயுவ விட்டுட்டே இருக்கும், அதனாலதான் வெயில் ஏறின மதியம் வார்ட்ரோபைத் திறந்தா கண்ணு எரியும். சும்மா வாடைதானேன்னு விடாதீங்க, ஃபார்மால்டிஹைடு மனுஷங்களுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே சொல்லிடுச்சு.

முதல்ல ஏர் ப்யூரிஃபையர். ஹெப்பா ஃபில்டர் தூசியத்தான் பிடிக்கும், வாயுவப் பிடிக்காது. சாதாரண கார்பன் ஃபில்டரும் ஃபார்மால்டிஹைடுக்கு ரொம்ப வீக், பெர்மாங்கனேட் கலந்த ஃபில்டர் போட்டப்புறம் பெட்ரூம்ல வித்தியாசம் தெரிஞ்சுது, ஆனா தீர்ந்ததும் மாத்தலன்னா வாடை திரும்ப வந்துடும். கரித்தூள் பை, செடி ரெண்டும் இதுக்கு வேஸ்ட். நாசா 1989ல செடிய வச்சு சோதிச்சது மூடின சின்னப் பெட்டிக்குள்ள, நம்ம ரூம் அப்படியா இருக்கு? ஓசோன் மெஷின் பக்கமே போகாதீங்க, ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல், போதாததுக்கு அது வீட்ல இருக்கிற மத்த பொருளோட சேர்ந்து புதுசா ஃபார்மால்டிஹைட உண்டாக்கும்.

நிஜமா கை கொடுத்தது ஓரங்கள அடைச்சதுதான். லேமினேட் ஒட்டின முகத்துல கசிவு கம்மி, வெட்டின ஓரம், ஹிஞ்சு குழி, ஸ்க்ரூ ஓட்டை, சுவரைப் பார்த்த பின்பக்கம் இங்கதான் போர்டு அப்படியே வெறுமையா கிடக்கும். கார்பென்டரை வரச் சொல்லி எல்லா ஷெல்ஃபையும் கழட்டி, ஓரத்த மூடுற பட்டை (எட்ஜ் பேண்ட்) இல்லாத இடமெல்லாம் அத ஒட்டி, குழிகளுக்கு வாட்டர் பேஸ்டு சீலர் ரெண்டு கோட் அடிச்சோம், அதுக்கப்புறம் கண்ணெரிச்சல் நின்னே போச்சு. கூடவே எதிரெதிர் ஜன்னல திறந்து எக்ஸாஸ்ட் ஓட விடுறது, அதுவும் சூடான நாள்ல கபோர்டு கதவையும் திறந்து வச்சு, இன்னிக்கும் விடல.

விலை கம்மியான ஃபார்மால்டிஹைடு மீட்டர நம்பாதீங்க, சென்ட் அடிச்சாலும் தாளிச்சாலும் நம்பர் ஏறும்.

சிங்க் அடியில மட்டும் ஈரத்தால இன்னும் லேசா வாடை வருது, அந்தப் பின்பலகைய கழட்டிட்டு அலுமினிய ஷீட் போடச் சொல்லியிருக்கோம்.