சாய்வுத் தலையணை: இரவு நெஞ்செரிச்சலோடு நான்கு மாதம்

இரவு இரண்டு மணிக்குத் தொண்டை எரிந்து எழுந்து உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பகலில் மட்டும் நெஞ்செரிச்சல் வருகிறவர்களுக்கு இந்தத் தலையணையால் பெரிய பயன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியர். முதல் வகுப்பில் குரல் கரகரப்பதை, நாள் முழுக்கப் பேசுவதால் வருவது என்றே பல மாதம் நினைத்திருந்தேன். கூடவே இரவில் வறட்டு இருமல், விடிந்ததும் வாயில் புளிப்பு. ஒருநாள் நல்ல தூக்கத்தில் புளித்த நீர் மூக்கு வரை ஏறி, மூச்சுத் திணறி எழுந்தேன். மறுநாள் மருத்துவர் என் தொண்டையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க? எத்தனை மணிக்குப் படுக்கறீங்க?" பத்து மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. பாதி விஷயம் அவருக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. அது நேரம் கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். உட்கார்ந்திருக்கும்போது ஏறினாலும் தானாகக் கீழே இறங்கிவிடும். நாம் விழுங்கும் எச்சிலும் மிச்சத்தைக் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சில் குறைவு, விழுங்குவதும் குறைவு, உடம்போ தட்டையாகக் கிடக்கிறது. ஏறிய அமிலம் அங்கேயே தங்கிப் புண்ணாக்குகிறது. எண்டோஸ்கோப்பியில் எனக்குத் தெரிந்ததும் அதுதான், உணவுக்குழாயின் அடியில் லேசான புண். காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால், அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை, எட்டு வாரம். கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 செ.மீ. உயர்த்தச் சொன்னார். எங்கள் கட்டில் சுவரோடு பொருத்தியது, கால்களுக்கு அடியில் கட்டை வைக்க வழியில்லை. அதனால்தான் இந்தத் தலையணை.

முக்கோணமாக வெட்டிய ஃபோம். அகலம் 60, நீளம் 75, உயர்ந்த பக்கம் 18 செ.மீ. அடியில் கெட்டி, மேலே மூன்று செ.மீ. மட்டும் மெத்தென்று இருக்கிறது. பிரித்ததும் ஒரு ரசாயன வாடை அடித்தது. இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்ததும் போய்விட்டது.

'இதற்கு இரண்டு தலையணையை அடுக்கினால் போதாதா?' என்று கேட்கிறார்கள். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். அப்படிப் படுத்தால் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அழுந்துகிறது, அமிலம் இன்னும் ஏறத்தான் செய்யும். தலை மட்டும் உயர்ந்தால் பயனில்லை, நெஞ்சே உயர வேண்டும். சரிவின் மெல்லிய விளிம்பு இடுப்புக்குப் பக்கத்தில் வரும்படி படுக்க வேண்டும். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் தோளுக்கு மேலே மட்டும் அதில் வைத்துப் படுத்து, முதல் வாரம் முழுக்கக் கழுத்துவலியோடு கிடந்தேன். தயாரிப்பவர்கள் மேல் எனக்கு இது பெரிய குறை.

அடுத்த குறை, வழுக்கல். உறை வழவழப்பான துணி. விடிகாலையில் பார்த்தால் நான் பாதி உடம்பு கீழே சரிந்திருப்பேன், படுக்கை விரிப்பு இடுப்படியில் சுருண்டு கிடக்கும். பருத்தித் துணியில் வேறு உறை தைத்துப் போட்டு, ஒரு போர்வையைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கே சரிவது நின்றது.

அப்புறம் புரண்டு படுப்பவர்கள் 60 செ.மீ. அகலத்தை வாங்க வேண்டாம். இடது பக்கம் திரும்பிப் படுப்பது நெஞ்செரிச்சலுக்கு நல்லது. அப்போது இரைப்பை, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தைவிடத் தாழ்வாக இருக்கும். வலது பக்கம் படுத்தால் நேர்மாறு. ஆனால் இதன்மேல் இடது பக்கம் திரும்பினால் என் கை வெளியே தொங்குகிறது.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை என் மனைவி, "என்னங்க, நாலு நாளா நீங்க இருமவே இல்லையே?" என்றாள். அப்போதுதான் நானே கவனித்தேன். எல்லாம் தலையணையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையும் இருந்தது, இரவுச் சாப்பாட்டையும் ஏழரைக்கு மாற்றிவிட்டேன். ஆனால் எட்டு வாரம் முடிந்து மாத்திரையை நிறுத்தியபோது, சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். பகலில் எரிச்சல் வந்தது உண்மை. இரவுகள் அமைதியாகக் கழிந்தன.

அட்டைப்பெட்டியில் வாயு, மலச்சிக்கல், வயிற்றுப்புண் எல்லாம் தீரும் என்று அச்சடித்திருப்பது எனக்குக் கோபத்தைத் தந்தது. வாயு, விழுங்கும் காற்றாலும் பெருங்குடலில் கிருமிகள் உணவை நொதிக்க வைப்பதாலும் வருவது. சரிந்து படுத்தால் அது எப்படிப் போகும்? என்னோடு வேலை செய்கிற ஒருவர், வெறும் வயிற்றில் மேல்வயிறு எரிகிறது என்று இந்தத் தலையணையை இரவல் கேட்டார். முதலில், வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பரிசோதனை செய்யுங்கள் என்றேன். இருந்தது. 14 நாள் மாத்திரையில் கிருமி போனது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்த சிகிச்சை கையில் இருக்கும்போது, பெட்டியைப் படித்துவிட்டு ஒருவர் ஃபோமின்மேல் படுத்துக் காலம் கடத்தக் கூடாது.

விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தலையணை தேட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோடு வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நான்கு மாதத்தில் நடுவில் ஒரு செ.மீ. அமுங்கியிருக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பயணத்துக்குத்தான் ஆகாது, மடிக்க வராது. போன மாதம் வெளியூரில் இரண்டு இரவு தட்டையாகப் படுத்தேன். இரண்டாம் இரவே அந்தப் புளிப்பு திரும்ப வந்தது. அடுத்து வாங்கப்போவது மூன்றாக மடியும் வகை, 80 செ.மீ. அகலத்தில்.