மெம்டெஸ்ட்86 பிளஸ்: கூடுதல் ரேம் போட்டபின் கம்ப்யூட்டர் படுத்தால் முதலில் ஓட்ட வேண்டியது

கூடுதல் ரேம் போட்டாயிற்று. விண்டோஸ் லோகோவுக்குக் கீழே புள்ளிகள் நாலு சுற்று சுற்றியதும் நீலத்திரை. ஒரு தடவை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்கிறது, அடுத்த தடவை 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', அதற்கடுத்து 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வருவதே ஒரு துப்புதான். கெட்டுப்போன டிரைவர் என்றால் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடும். ரேமில் கோளாறு இருந்தால் அந்த நேரத்தில் எந்த நிரல் அந்த இடத்தைத் தொட்டதோ அதன் தலையில் பழி விழும். இந்தக் கட்டத்தில் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வது வீண் வேலை. அதைவிட மோசம், பிழையுள்ள ரேமோடு இன்ஸ்டால் செய்தால் ஹார்டு டிஸ்க்கில் எழுதப்படும் ஃபைல்களும் கெட்டே எழுதப்படலாம். விண்டோஸுக்குள் போகாமலே ரேமைச் சோதிக்க வேண்டும். அதற்கான இலவசக் கருவிதான் மெம்டெஸ்ட்86 பிளஸ்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. மெம்டெஸ்ட்86 என்ற மூலக் கருவியை 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதினார். அதிலிருந்து 2004-இல் சாமுவேல் டெமுலமீஸ்டர் பிரித்துக்கொண்டு போனது 'பிளஸ்'. மூலத்தை 2013-இல் பாஸ்மார்க் நிறுவனம் வாங்கிவிட்டது. 'பிளஸ்' இல்லாத பெயரில் இன்று கிடைப்பது அவர்களுடையது. பிளஸ் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில், முழுக்க இலவசமாகவே தொடர்கிறது.

பழைய பென் டிரைவில் 5.01 பதிப்பு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். 2013-ஆம் ஆண்டுச் சரக்கு. யூஈஎஃப்ஐ முறையில் (பழைய பயாஸுக்குப் பதில் இன்றைய கம்ப்யூட்டர்களில் வரும் தொடக்க நிரல்) பூட் ஆகாது. 2022 அக்டோபரில் வந்த 6.00 பதிப்பு நிரலை ஏறக்குறைய புதிதாகவே எழுதிக்கொண்டு வந்தது: யூஈஎஃப்ஐ, பழைய பயாஸ் இரண்டிலும் ஓடும், டிடிஆர்5 வரை அடையாளம் காணும். 2024-இல் வந்த 7.00 முதல், ரேம் அந்த நொடியில் உண்மையில் எந்த வேகத்தில், எந்த டைமிங்கில் (பதில் தர எடுக்கும் தாமத அளவு) ஓடுகிறது என்பதையும் பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி சிபியூக்களில் திரையில் காட்டுகிறது. இரண்டு வெவ்வேறு பிராண்டு ரேமைக் கலந்து போட்டவர்களுக்கு இது ஒன்றே போதும், டவுன்லோட் செய்ததற்குப் பலன் கிடைத்துவிடும்.

பென் டிரைவ் தயாரிப்பது எளிது. விண்டோஸுக்கான யூஎஸ்பி இன்ஸ்டாலரை இறக்கி, டிரைவைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் போதும். அதிலிருப்பது எல்லாம் அழியும், அதை மறக்காதீர்கள். பல ஐஎஸ்ஓ ஃபைல்களை ஒரே பென் டிரைவிலிருந்து பூட் செய்யும் வென்டாய் வைத்திருந்தால் ஐஎஸ்ஓ ஃபைலை உள்ளே போட்டாலே வேலை முடிந்தது.

ஒரு இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கையெழுத்திடப்படாத நிரல்களை பூட் ஆகவிடாத செக்யூர் பூட் ஆனில் இருந்தால் பிளஸ் பூட் ஆகாமல் போகலாம். பயாஸ் செட்டிங்கில் அதைத் தற்காலிகமாக அணைக்க வேண்டிவரும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடும் லேப்டாப்பில் அப்படி அணைத்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்தக் கீ கையில் இல்லாமல் பயாஸில் கை வைக்காதீர்கள். பாஸ்மார்க்கின் மெம்டெஸ்ட்86 செக்யூர் பூட்டோடே ஓடும் என்பது இங்கே அதற்குப் பெரிய சாதகம். அதன் இலவசப் பதிப்பு நாலு பாஸோடு (எல்லாச் சோதனைகளும் ஒரு முறை ஓடி முடிவது ஒரு பாஸ்) நின்றுவிடும், இந்த வேலைக்கு அது போதும்.

திரையே வராத மெஷினுக்கு இந்தக் கருவியால் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதர்போர்டில் டிரேம் என்ற குட்டி விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் முதலில் கை வேலைதான்: பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை சில வினாடி அழுத்திவிட்டு, ரேமைக் கழற்றி மறுபடி அமுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டுகளில் கொக்கி இல்லாத முனை அரைகுறையாக உட்கார்ந்திருப்பது சர்வசாதாரணம். இரண்டு ரேம் என்றால் சிபியூவிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். பிறகு சிமாஸ் கிளியர், அதாவது பயாஸ் செட்டிங்கை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது. டிடிஆர்5 போர்டு, அதுவும் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் என்றால், புது ரேம் போட்ட முதல் பூட்டில் மெமரி டிரெய்னிங் (போர்டு ரேமோடு ஒத்திசையச் செய்யும் சோதனை) முடியச் சில நிமிடங்கள் ஆகும்; அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாமல் நடுவில் பவரை அணைப்பவர்கள்தான் 'போர்டு போச்சு' என்று கடைக்கு ஓடுகிறார்கள்.

பழைய லேப்டாப்பில் இன்னொரு வம்பு. நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐ வாங்கிச் செருகினால் ஸ்லாட்டில் ஒழுங்காக உட்காரும், ஆனால் மெஷின் எழாது, அல்லது எழுந்து விழும். ஸ்டிக்கரில் 'எல்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி சோதனை. ரேமை அடிப்படை வேகத்துக்கு மேல், பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் செட்டிங்தான் எக்ஸ்எம்பி (ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ); முதல் ஓட்டத்துக்கு முன்பே அதை பயாஸில் அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால், வரும் பிழை ரேமுடையதா வேகத்துடையதா என்று கடைசிவரை தெரியாது. எல்லா ரேமும் செருகிய நிலையில் பூட் செய்தால் சில வினாடியில் தானாகவே தொடங்கிவிடும். சில வயர்லெஸ் கீபோர்டு அதில் வேலை செய்யாது, வயர் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 11 சோதனைகள், 0 முதல் 10 வரை. முதல் பாஸ் வேண்டுமென்றே சுருக்கப்பட்டது. அது முடிந்ததும் திரையில் பெரிதாக 'பாஸ்' என்று வருவதைப் பார்த்து எழுந்து போய்விடாதீர்கள். குறைந்தது இன்னும் இரண்டு முழு பாஸ் வேண்டும். 32 ஜிபி என்றால் இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது உத்தமம்.

பிழை வந்தால் திரையின் கீழ்ப்பகுதி சிவந்துபோகும். ஒவ்வொரு வரியிலும் முகவரி, எதிர்பார்த்த மதிப்பு, கிடைத்த மதிப்பு என்று இருக்கும். எதிர்பார்த்தது 0000000000000000, கிடைத்தது 0000000000000400 என்றால் ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. அதே முகவரி, அதே பிட், ஒவ்வொரு பாஸிலும் திரும்பத் திரும்ப வந்தால் சிப்பிலேயே ஓட்டை. அந்த ரேம் கதை முடிந்தது. முகவரிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி, பாஸுக்குப் பாஸ் மாறினால் வேகம், வோல்டேஜ், அல்லது ஸ்லாட்டில் சரியாக உட்காராத காண்டாக்ட் மேல் சந்தேகப்படலாம். ஆயிரக்கணக்கில் கொட்டுவதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒன்று வந்தாலும் ஒன்றுதான், ஆயிரம் வந்தாலும் ஒன்றுதான்: ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே.

எந்த ரேம் என்பதை மட்டும் திரை சொல்லாது. இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டூயல் சேனலில் அடுத்தடுத்த முகவரிகள் இரண்டு ரேமிலும் மாறி மாறி விழும், அதனால் 'மேல் பாதி முகவரி, அப்படியானால் இரண்டாவது ரேம்' என்று கணக்குப் போடுவது தப்பு. ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சிபியூவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேம் போட்டு ஓட்டுங்கள்; பிறகு அடுத்த ரேம், அதே ஸ்லாட். தேறிய ரேம் ஒன்றை எடுத்து மற்ற ஸ்லாட்களிலும் போட்டு ஓட்டினால் ஸ்லாட்டின் லட்சணமும் தெரிந்துவிடும். நல்ல ரேம் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை காட்டினால் அந்த ஸ்லாட்டில் தூசியா என்று பாருங்கள். சிபியூ சாக்கெட்டில் பின் வளைந்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஒரு ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்ட லேப்டாப் என்றால், புதிதாகப் போட்டதைக் கழற்றிவிட்டு உள்ளதை மட்டும் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தனித்தனியே எல்லாம் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் விழுகிறதா? கூடுதல் ரேம் போட்டவர்களில் நிறையப் பேர் வந்து நிற்பது இந்த முச்சந்தியில்தான். பெரும்பாலும் ரேம் மேல் தப்பில்லை. சிபியூவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை தாங்கவில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் பொதுவாக அந்தப் பெட்டியிலிருக்கும் ரேம்களுக்கு மட்டும் சொன்னது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நாலு ரேமுக்கு வெறும் 3600. டிடிஆர்4 ரைசன் 5000-இல் இரண்டுக்கு 3200. நாலும் டூயல் ரேங்க் (ஒரே ரேமில் இரண்டு தொகுதி சிப்கள்) என்றால் 2667. இது தெரியாமல் இரண்டு ரேம் 6000-இல் ஓடிய மெஷினில் அதே மாடல் இன்னொரு ஜோடியைச் செருகி, எக்ஸ்போவையும் ஆன் செய்துவிட்டால் நீலத்திரை வராமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். எக்ஸ்எம்பி அணைத்த நிலையில் சுத்தமாக ஓடினால், பிறகு பயாஸில் வேகத்தைக் கையால் ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். வெவ்வேறு கிட்டை (ஒரே பெட்டியில் சேர்த்து விற்கும் ரேம் ஜோடி) கலந்திருந்தால் டைமிங்கையும் இரண்டில் மெதுவானதற்கு ஏற்பக் கையால் போடுங்கள், பயாஸ் ஏதாவது ஒரு ரேமின் எக்ஸ்எம்பி அட்டவணையை எடுத்து எல்லாவற்றின் மேலும் திணித்திருக்கலாம். டிடிஆர்4-இன் அடிப்படை வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி ரேம் பெரும்பாலும் 1.35 கேட்கும். வேகம் ஏறி வோல்டேஜ் 1.2-லேயே நின்றிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட்டும் மெமரி பொருத்தத்தைச் சரிசெய்வதுண்டு, ஆனால் மெஷின் ஒழுங்காக நிற்கும் நிலைக்கு வந்த பிறகே அதைத் தொடுங்கள்.

கருவியின் குறைகளுக்கு வருவோம். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கும், கேபினட் குளுகுளுவென்று இருக்கும். கேம் ஓடி உள்ளே கொதிக்கும்போது மட்டும் தடுமாறும் ரேம் இதில் தேறிவிடலாம், டிடிஆர்5-இல் இது அதிகம். அதனால் இதில் தேறியபின் விண்டோஸுக்குள் பிரைம்95-இன் பிளெண்ட் சோதனையையோ டெஸ்ட்மெம்5-ஐயோ ஒரு சுற்று ஓட்டுவது நல்லது. பாஸ்மார்க் பதிப்பில் ஹேமர் டெஸ்ட் என்று ஒன்று உண்டு; ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டு பக்கத்து பிட் புரள்கிறதா என்று பார்ப்பது அது. அதில் மட்டும் பிழை வந்து மற்ற எல்லாவற்றிலும் தேறினால் பூட் கிராஷுக்கு அதைக் காரணமாக்க வேண்டாம். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்? அவசரத்துக்குப் பரவாயில்லை. எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் தேர்ந்தெடுக்காவிட்டால் அது தரும் நற்சான்றிதழுக்கு மதிப்பில்லை.

எல்லாம் தேறியும் விண்டோஸ் மட்டும் விழுந்தால் ரேமை விட்டுவிட்டு இரண்டு காரியம் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு ஒரு முழு ஷட்டவுன்; பழைய ஹைபர்நேஷன் ஃபைலிலிருந்து எழுந்திருக்கும் தொல்லை அதோடு போகும். அடுத்து சிஸ்டம் ஃபைல் செக்கர், டிஸ்க் செக் இரண்டையும் ஓட்டுங்கள். கெட்ட ரேமோடு ஓடிய நாட்களில் கெட்டுப்போன ஃபைல்கள் ரேமை மாற்றிய பிறகும் அப்படியேதான் இருக்கும்.

ரேம்தான் கெட்டது என்று உறுதியானால், எக்ஸ்எம்பி அணைத்து அந்த ஒரு ரேமை மட்டும் போட்ட நிலையில் சிவந்த திரையை, வேகமும் பாஸ் எண்ணும் தெரியும்படி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்பி ஆனில் எடுத்த படத்தைக் காட்டினால் 'ஓவர்கிளாக் செய்தீர்கள்' என்று கடைக்காரர் பேச்சை முடித்துவிடுவார். கிட்டாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே வாரன்டிக்குக் கேட்பார்கள், நல்ல ரேமையும் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள்.