பயாஸ் கெட்ட ஆர்எக்ஸ் 580: சுவிட்சா, டுவீசரா, கிளிப்பா?

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டுக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலை) நின்றதும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 கிராபிக்ஸ் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் வந்து குவிந்தன. விலை குறைவு, பலவற்றில் 8 ஜிபி மெமரி, கையில் அதிகம் காசில்லாதவர்களுக்கு நல்ல கார்டு. ஆனால் அவற்றில் நிறைய கார்டுகளின் பயாஸில் (கார்டு எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும், சிப்பில் எழுதிய மென்பொருள்) யாரோ கை வைத்திருப்பார்கள். 1750 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய மெமரி டைமிங்கை (மெமரி எவ்வளவு நேரத்தில் பதில் தர வேண்டும் என்ற அளவுகள்) தூக்கி 2000-க்கும் ஒட்டி, கோர் வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கி வைத்திருப்பார்கள். மைனிங்குக்கு அது தோதுப்படும், கேம் ஓடும்போது திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை வரும். அதைப் பழைய நிலைக்குத் திருப்பலாம் என்று பயாஸ் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வீட்டில் கரண்ட் போனது, கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இல்லை. அப்புறம் அந்தக் கார்டை மீட்க ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கார்டு உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மதர்போர்டு லோகோ அந்தக் கார்டு வழியாகத் தெரிந்து, விண்டோஸுக்குள் போனதும் மட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால் கார்டுக்கு ஒன்றுமில்லை. மாற்றிய பயாஸின் டிஜிட்டல் கையெழுத்து பொருந்தாததால் ஏஎம்டி டிரைவர் ஏற மறுக்கிறது, அவ்வளவுதான். இதைக் கார்டு செத்துவிட்டதாக நினைத்துப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, லோகோவே வரவில்லை என்றால்? கார்டின் விளிம்பில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். சஃபையர் நைட்ரோ பிளஸ் போன்ற மாடல்களில் இரண்டு பயாஸ் சிப் உண்டு. நல்ல பக்கத்தில் வைத்து ஆன் செய்து, சிஸ்டம் முழுதாக ஏறியபின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைக் கெட்ட பக்கம் தள்ளி, பயாஸ் எழுதும் ஏடிஐ ஃப்ளாஷ் மென்பொருளில் ஒரிஜினல் ஃபைலை எழுதினால் வேலை முடிந்தது. கார்டு தன் பயாஸைத் தொடக்கத்திலேயே படித்துவிடுவதால் நடுவில் மாற்றினாலும் திரை அணையாது. சுவிட்ச் இருக்கிறவர்கள் கடைசியில் ஃபைலைப் பற்றிச் சொல்வதை மட்டும் படித்தால் போதும்.

சுவிட்ச் இல்லாதவர்கள் திரையை ஆன்போர்டு கிராபிக்ஸுக்கு (பிராசசரிலேயே இருக்கும் கிராபிக்ஸ்) மாற்றி, கெட்ட கார்டைச் செருகியபடியே ஆன் செய்து பாருங்கள். மதர்போர்டு செட்டிங்கில் முதல் டிஸ்ப்ளே என்று இருக்கும் இடத்தில் ஆன்போர்டைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஏடிஐ ஃப்ளாஷ் கார்டை அடையாளம் கண்டால் அப்படியே எழுதிவிடலாம், பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும் என்பது என் எண்ணம். சிக்கல் என்னவென்றால், எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும் பல ரைசன்களிலும் ஆன்போர்டு கிராபிக்ஸ் கிடையாது, யாரிடமாவது இன்னொரு கார்டு கடன் வாங்க வேண்டும். என் விஷயத்தில் ஆன்போர்டு இருந்தும் பயனில்லை, கெட்ட கார்டு செருகியிருந்தால் சிஸ்டம் லோகோவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

அடுத்தது டுவீசர் வழி. பயாஸ் சிப்பில் எட்டுக் கால்கள். ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் 1-ம் கால். அதற்கு நேர் எதிரே, சிப்பின் அடுத்த பக்கத்தில் 8-ம் கால். 1 என்பது சிப்பை எழுப்பும் கால், அதில் வோல்டேஜ் இறங்கினால்தான் சிப் பேசும். 8-ல் சப்ளை வருகிறது. இரண்டையும் டுவீசரால் இணைத்துப் பிடித்தால் 1-ம் காலின் வோல்டேஜ் இறங்காமல் மேலேயே நிற்கும், சிப் வாயே திறக்காது, கெட்ட பயாஸ் படிக்கப்படாமல் சிஸ்டம் ஆன்போர்டில் ஏறிவிடும். ஏறியதும் டுவீசரை எடுத்துவிட்டு எழுத வேண்டியதுதான். செலவு பூஜ்யம், யோசனையும் அருமை, பலர் இப்படித்தான் மீட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்டில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அரிசியை விடச் சிறிய கால்களைக் கையால் பிடித்து அரை நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். 8-க்கு மூலைவிட்டத்தில் இருக்கும் 4 என்பது கிரவுண்டு, அந்த இரண்டையும் தொட்டால் சப்ளையே ஷார்ட். சிப்பைச் சுற்றி ரெசிஸ்டர், கெபாசிட்டர் வேறு நெருக்கமாக இருக்கும். எனக்கு டுவீசர் நுனி வழுக்கிப் பக்கத்தில் எதையோ தொட்டது, சிஸ்டம் டப்பென்று அணைந்தது. கார்டு தப்பித்தது. இரண்டாவது தடவை முயல மனம் வரவில்லை.

சில நூறு ரூபாய்க்கு சிஎச் 341ஏ ப்ரோகிராமரும் (சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் யுஎஸ்பி கருவி) சிப்பைக் கவ்வும் எட்டுக் கால் கிளிப்பும் வாங்கினேன். கார்டைக் கழற்றி மேசையில் வைத்து, கிளிப்பின் சிவப்பு வயர் 1-ம் கால் பக்கம் வரும்படி மாட்டி, இன்னொரு கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் செருகிப் படித்தேன். முதல் தடவை வந்தது முழுக்க எஃப்எஃப், அதாவது எதுவும் எழுதாத வெற்று பைட். கிளிப் சரியாகக் கடிக்கவில்லை என்று அர்த்தம். கால்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்து மறுபடி மாட்டினேன். இப்போது ஏதோ வந்தது, ஆனால் இரண்டு தடவை படித்ததும் வேறு வேறாக இருந்தன. கிளிப்பை விரலால் லேசாக அழுத்திப் பிடித்து இன்னும் இரண்டு தடவை படித்தபோதுதான் இரண்டும் ஒத்துப்போயின. ஃபைலைத் திறந்தால் முதல் இரண்டு பைட் 55 ஏஏ, அதாவது பயாஸின் தொடக்கம் சரியாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் கடைசிவரை வெறும் எஃப்எஃப். கரண்ட் போன இடம் கண்ணெதிரே தெரிந்தது! இந்தத் தெளிவு டுவீசர் வழியில் கிடைக்காது. அழித்து, எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை கார்டு மதர்போர்டு பக்கமே போக வேண்டியதில்லை.

இதிலும் குறைகள் உண்டு. கறுப்பு போர்டில் வரும் சிஎச் 341ஏ, சிப்புக்கு 3.3 வோல்ட் சப்ளை கொடுத்தாலும் டேட்டா வயர்களில் 5 வோல்ட் தள்ளும். ஆர்எக்ஸ் 580-ல் வரும் 3.3 வோல்ட் சிப்கள் பெரும்பாலும் தாங்கிவிடுகின்றன, ஆனாலும் வோல்டேஜ் மாற்ற வசதியுள்ள போர்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். என்விடியாவின் 10 சீரிஸ் முதல் 1.8 வோல்ட் சிப்கள் பரவலாக வருகின்றன, அவற்றுக்குத் தனி அடாப்டர் இல்லாமல் மாட்டவே கூடாது. சிப் மேல் எழுதியிருக்கும் எண்ணை வைத்து டேட்டாஷீட்டில் வோல்டேஜ் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சில கார்டுகளில் சிப்பைச் சுற்றியுள்ள பாகங்கள் கிளிப்பின் சப்ளையை இழுத்துக்கொள்ளும், எத்தனை தடவை படித்தாலும் ஒத்துவராது. அப்போது ஹாட் ஏர் வைத்திருக்கும் சிப் லெவல் சர்வீஸ்காரரிடம் கொடுத்துச் சிப்பைக் கழற்றி எழுதிக்கொள்வதுதான் வழி.

எந்த வழியில் போனாலும் எழுதும் ஃபைல் தவறாக இருந்தால் எல்லாம் வீண். 580 என்று பெயர் போட்ட எல்லா ஃபைலும் எல்லா 580-க்கும் பொருந்தாது. ஒரே மாடலில் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மெமரி மாறும், 2304 ஷேடருக்குப் (கார்டின் கணக்குப் போடும் குட்டி கோர்கள்) பதில் 2048 ஷேடர் உள்ள 580-ம் இருக்கிறது. ஹீட்சிங்கைக் கழற்றி மெமரி சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, அதே தயாரிப்பாளரின் அதே மாடலுக்கு உரிய ஃபைலை எடுங்கள். ஃபைல் 256 கேபி, சிப் 512 கேபி என்று இருந்தால் பயப்பட வேண்டாம், ஃபைல் சிப்பின் தொடக்கத்தில் உட்காரும், மீதியை எஃப்எஃப் நிரப்பிக்கொள்ளலாம்.

மறுநாள் சாயங்காலம் கார்டை மாட்டி ஆன் செய்தேன், லோகோ வந்தது. டிரைவர் போடும் முன் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் 2304 ஷேடர், 8 ஜிபி, ஹைனிக்ஸ் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன், அப்புறம்தான் மூச்சு வந்தது. கார்டில் எழுதிய ஒரிஜினல் ஃபைல் இப்போது பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று இருக்கிறது.